கோனன் போ டை: கிசுகிசுத்தா ஆம்பள குரல் வந்துடுச்சு!

வந்துடுச்சு மக்களே! 'டிடெக்டிவ் கோனன்'ங்கிற ஜப்பானிய மாங்கால (காமிக்ஸ்) வர்ற குரல் மாத்துற போ டையை நிஜத்துல செஞ்சுக்கிட்டிருக்கேன். மைக்ல வெறும் காத்தா கிசுகிசுத்தா ஸ்பீக்கர்ல கட்டையா ஒரு ஆம்பள குரல் வருது, இந்த ஒண்ணுக்காகத்தான் இவ்ளோ நாளா மல்லுக்கட்டிட்டு இருந்தேன்.

கதையோட சீன் இதுதான். குடோ ஷினிச்சி, 17 வயசு துப்பறியும் பையன், ஏபிடிஎக்ஸ் 4869ங்கிற விஷம் உள்ள போனதும் பொடிப்பையனா சுருங்கி கோனன்னு பேரு வெச்சுக்கிட்டான், கேஸை உடைக்கிற மூளை மட்டும் அப்படியே இருக்கு, ஆனா குழந்தை சொன்னா எந்த போலீஸ் கேக்கும்? அதான் மோரி கோகோரோங்கிற துப்பறிவாளரை வாட்ச் ஊசியால தூங்க வெச்சிட்டு, சோபாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு அகாசா புரொபசர் செஞ்சு குடுத்த போ டைல பேசுறான். அனிமேல கோகோரோவுக்குக் குரல் குடுக்கிறவரே (2009 வரைக்கும் காமியா அகிரா, அப்புறம் கோயாமா ரிகியா) போ டை குரலையும் பேசிடுறாரு, அவங்களுக்கு வேலை முடிஞ்சுது.

நிஜத்துல செய்யறவங்க பெரும்பாலும் பிட்சைக் (குரலோட உயரம்) குறைச்சதோட நிறுத்திடுறாங்க. எனக்கு அது பத்தாது. சத்தமா பேசினா நம்ம சொந்தக் குரலும் சேர்ந்துல்ல கேக்கும், அதே ரூம்ல மெகுரே இன்ஸ்பெக்டர் நிக்கிறப்ப ஷினிச்சி அப்படிப் பேசுவானா? கிசுகிசுத்துத்தான் ஆகணும். இங்கதான் சிக்கலே, கிசுகிசுக்கும்போது குரல்நாண் அதிராது, பிட்ச்னு ஒண்ணு கிடையவே கிடையாது, இல்லாத பிட்சை எந்த அல்காரிதம் குறைக்கும்? பிஎஸ்ஓஎல்ஏன்னு பிட்ச் மாத்துற முறையைப் போட்டா வெறும் கரகரதான்.

அதனால பிட்ச் ஷிஃப்டையே தூக்கிட்டு எல்பிசிக்கு மாறினேன், அதாவது பேச்சுலருந்து வாய் வடிவத்தை மட்டும் கணக்குப் போட்டு எடுக்கிற முறை. 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங், குரலை நறுக்கிற துண்டு (ஃபிரேம்) 20 மில்லிசெகண்ட், ஃபில்டரோட ஆர்டர் 18. கிசுகிசுப்புல பிட்ச் இல்லைன்னாலும் வாய் வடிவம் இருக்கு, ஃபார்மன்ட் எல்லாம் (வாய்க்குள்ள சத்தம் தூக்கலா ஒலிக்கிற அதிர்வெண்கள்) கிட்டத்தட்ட அப்படியே உக்காந்திருக்கு, அதை மட்டும் ஃபில்டரா எடுத்துக்கிட்டு அதுக்குள்ள 110 ஹெர்ட்ஸ் பல்ஸை நாமளே ஊதிவிடணும். இஎஸ்பி32ங்கிற சின்ன கண்ட்ரோலர் சிப் இதுக்குத் தாராளமா தாங்குது. முதல்ல வந்தது ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஏத்த இறக்கமே இல்லாத குரல், தமிழ்லயே கேக்க சகிக்கல, ஜப்பானிய மொழியில ஏத்த இறக்கம் மாறினா அர்த்தமே மாறிடும், அங்க சுத்தமா எடுபடாது.

அப்பதான் டையல் ஞாபகம் வந்துச்சு. மாங்கால போ டை பின்பக்கம் இருக்கிற டையல் எந்த ஆளோட குரல்னு தேர்ந்தெடுக்க. நான் அந்த இடத்துல ஒரு சின்ன பொட்டென்ஷியோமீட்டர் (ரேடியோ வால்யூம் மாதிரி திருகுற பாகம்) வெச்சு பல்ஸோட ஹெர்ட்ஸை நேரடியா கட்டைவிரலுக்குக் குடுத்துட்டேன், 90லருந்து 160 வரைக்கும். பேசிக்கிட்டே உருட்டணும், வாக்கியம் முடியறப்ப இறக்கணும், "குற்றவாளி நீதான்"னு சொல்றப்ப "நீ"ல ஒரு தூக்கு தூக்கணும். கை பழகினதும் உயிர் வந்துடுச்சு. அகாசா டையலை விட இதுதான் சரியான டையல்னு அடிச்சுச் சொல்வேன்.

பொட்டென்ஷியோமீட்டர் மட்டும் ஆன்லைன்ல வாங்காதீங்க, உருட்டுறப்ப எவ்ளோ இறுக்கம்னு கையில தொட்டுப் பார்க்கணும். எனக்கு டோக்கியோல அகிஹபாரா ஸ்டேஷன் ஒட்டி, ரயில் பாலத்துக்குக் கீழ இருக்கிற ரேடியோ சென்டர்ல கிடைச்சுது, பொட்டிக்கடை சைஸ்ல கடைங்க, ஒரு கடைல திருகுற நாப் மட்டுமே அலமாரி பூரா. போ டைக்கு சிவப்புத் துணி, டோக்கியோலயே நிப்போரி துணிக்கடைத் தெருவுல பார்த்து வெச்சிருக்கேன், இன்னும் வெட்டல.

மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே போ டைக்குள்ள வெச்சா ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்கே திரும்பி ஊளைதான். கதைலயே பட்டன் ஸ்பீக்கர்னு தனியா ஒண்ணு இருக்கு, அதை கோகோரோ மேல ஒட்டிட்டா தூங்குறவர் பக்கத்துலருந்தே குரல் வரும், அடுத்து அதைத்தான் புளூடூத் இல்லாம ரேடியோ மாட்யூல்ல செய்யப்போறேன், புளூடூத்ல தாமதம் ஜாஸ்தி. முடிஞ்சதும் அதை மாட்டிக்கிட்டு தொத்தோரி பக்கம் ஹோகுயேய் போகணும், கோனனை வரைஞ்ச அவோயாமா கோஷோ ஊரு, அங்க யுரா ஸ்டேஷனுக்கு கோனன் ஸ்டேஷன்னே பேரு வெச்சிருக்காங்க.

அதுக்கு முன்னாடி மெய்யெழுத்து பாக்கி. கிசுகிசுப்புல எல்லாமே இரைச்சல்ங்கிறதால ஸ, ஷ கூட பல்ஸ் ஏறி ஈ மொய்க்கிற சத்தமா வந்துச்சு, 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல எனர்ஜி ஏறினா பல்ஸை நிறுத்தி இரைச்சலையே விடுன்னு போட்டேன், சரியாயிடுச்சு. ப, ட ரெண்டும் இன்னும் குழையுது. ஃபிரேமை 10 மில்லிசெகண்டா குறைச்சுப் பார்க்கிறேன், அந்த வெடிப்பு அவ்ளோ சின்னது.