சம்பா கோவிலில் கிடைத்த இடம்

மகளுக்குப் புதுவையில் நுழைவுத் தேர்வு. ஞாயிறு விடியற்காலையிலேயே கடலூரில் பஸ் ஏறினோம். அரியாங்குப்பம் தாண்டும்போது அவள் கை சில்லிட்டிருந்தது. தேர்வு மையத்துக்குள் அவளை அனுப்பியதும் கேட்டைச் சாத்திவிட்டார்கள். இனி மூன்று மணி நேரம். மற்ற பெற்றோர் மர நிழலில் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கால் போன போக்கில் நடந்து மிஷன் வீதிக்கு வந்தபோது மணிச்சத்தம் கேட்டது.

துணி எடுக்க வரும்போதெல்லாம் சம்பா கோவிலின் இரட்டைக் கோபுரத்தைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போனதில்லை. ஜென்மராக்கினி மாதா கோவில் என்பது முறையான பெயர். 'செயின்ட் பால்', அதாவது புனித பவுல், என்ற பெயர் ஊர் வாயில் புரண்டு 'சம்பா' ஆனது என்பார்கள். ஆட்டோக்காரரிடமும் சம்பா கோவில் என்றுதான் சொல்ல வேண்டும்.

படியோரம் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தேன். மற்றவர்கள் கழற்றினார்களா என்றுகூடப் பார்க்கவில்லை. பாடலீஸ்வரர் கோவிலில் வந்த பழக்கம். உள்ளே பூசை தொடங்கும் நேரம். கடைசித் தூணோரமாக ஒதுங்கி நின்றேன். முந்தானையால் முக்காடிட்ட ஓர் அம்மா, எழுபது வயதிருக்கும், பெஞ்சில் நகர்ந்துகொண்டு பக்கத்து இடத்தைத் தட்டினார்.

"நின்னுட்டே இருந்தா எப்படி? உக்காரும்மா."

உட்கார்ந்தேன். பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் சாய்த்துப் பிடித்து, வரிக்கு வரி விரலை ஓட்டினார். சமையல் மஞ்சள் ஏறிய நகம். எல்லாரும் பாடும்போது அந்த நகத்தைப் பார்த்தபடி நானும் முணுமுணுத்தேன். எழும்போது எழுந்தேன், முழங்காலிடும்போது மட்டும் தடுமாறினேன். அவர் என் தோளை அழுத்தி, "முட்டி வலின்னா உக்காந்துக்க" என்றார். மறையுரை கொஞ்சம் நீளம்தான். மனசு தேர்வு மையத்துக்கே போய்ப் போய் வந்தது.

அப்போது, பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு ஞாபகம் வந்தது. 1745-இல் இதே சம்பா கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்ததாம். தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒருபுறம், மற்றவர்கள் மறுபுறம். இது என்ன நியாயம் என்று தாழ்த்தப்பட்டவர்கள் கூடிப் போய்ப் பெரிய சாமியாரிடம் முறையிட, அவர் சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார். அந்தக் கட்டடமே இப்போது இல்லை. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அழிந்தது. நான் உட்கார்ந்திருந்தது 1791-இல் அர்ச்சிக்கப்பட்ட கோவில். ஆனாலும் இதே ஊரில், இதே பெயர் கொண்ட கோவிலில், யார் எங்கே உட்காருவது என்று ஒரு காலத்தில் சண்டை போட்டுத்தான் தீர்த்திருக்கிறார்கள். பெஞ்சை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தது. முன்வரிசை முழுக்க ஒரே நேரத்தில் திரும்பியது. யாரோ ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கைகூப்பித் தலை குனிந்தார், கல்யாண வீட்டில் சம்பந்தியை வரவேற்பதுபோல. பதிலுக்குக் கும்பிட்டேன். கண் ஏன் கலங்கியது என்று தெரியவில்லை. காலையில் வெறும் காபியோடு கிளம்பியது காரணமாக இருக்கலாம்.

நற்கருணை, அதாவது பூசையில் தரும் அப்பம், வாங்க எல்லாரும் வரிசையில் எழுந்தார்கள். எனக்கு உதறல். "அம்மா, நான் இந்து" என்றேன் காதோரமாக.

"தெரியுதும்மா, நெத்தியிலதான் விபூதி இருக்கே. நீ இரு, நான் போய்ட்டு வந்துடறேன்" என்று தன் பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

அவ்வளவு நேரமும் பட்டையாக விபூதியோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்!

பூசை முடிந்து வெளியே வந்தோம். மகளுக்குத் தேர்வு என்று சொன்னதும் அவள் பெயரைக் கேட்டார். சொன்னேன். பெயர் நாக்கில் நிற்கவில்லைபோல, இன்னொருமுறை கேட்டுக்கொண்டார். அப்புறம் மாதா சுரூபத்தின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, வாய்க்குள் ஏதோ சொன்னார். நடுவில் என் மகளின் பெயர் மட்டும் தெளிவாகக் கேட்டது, கொஞ்சம் தப்பான உச்சரிப்பில்.

மணி பார்த்தேன். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

"வா, அதுக்குள்ள ஒரு டீ குடிப்போம்" என்றார்.