ஐபேட் 6: உடைந்த டச் கிளாஸ் மாற்றிய குறிப்புகள்

மார்ச் 3, 2025, திங்கள்

2018-இல் வந்த ஆறாம் தலைமுறை ஐபேட். பின்புறம் பொடி எழுத்தில் ஏ1893 என்று இருக்கிறது. கீழே விழுந்து மேல் மூலையில் அடி, அங்கிருந்து விரிசல் பாதித் திரை வரை ஓடியிருக்கிறது. படம் மட்டும் பளிச்சென்று வருகிறது. கோடு இல்லை, மை கொட்டியது போன்ற கறுப்புத் திட்டும் இல்லை. அப்படியென்றால் படம் காட்டும் எல்சிடி பிழைத்துவிட்டது, அதற்கு மேலே உள்ள, தொடுதலை உணரும் டச் கிளாஸ் மட்டும் மாற்றினால் போதும்.

இந்த மாடலில் கிளாஸும் எல்சிடியும் தனித்தனி. ஐபேட் ஏர் 2 போன்றவற்றில் இரண்டும் ஒட்டியே வரும், இரண்டையும் சேர்த்து ஒரே காம்போவாகத்தான் வாங்க வேண்டும். ஐந்தாம் தலைமுறையும் ஆறாம் தலைமுறையும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், கடையில் "9.7 இஞ்ச் ஐபேட்" என்று கேட்காமல் பின்புற எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

மார்ச் 5, புதன்

சாமான் வந்தாயிற்று: விளிம்பில் டேப் ஒட்டிய டச் கிளாஸ், விளிம்பைப் பிரிக்க மெல்லிய பிளாஸ்டிக் கிதார் பிக் ஆறு, ஹேர் டிரையர், பொடி ஸ்க்ரூடிரைவர், பிளாஸ்டிக் நெம்பி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பி-7000 பசை, கேப்டன் (Kapton) டேப் என்னும் மின்சாரம் கடத்தாத மெல்லிய டேப், சின்னத் தட்டை அரம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை.

புதிய கிளாஸைத் திருப்பி வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. கிளாஸை உள்ளே இணைக்கும் பட்டை ஒயரான டச் ஸ்ட்ரிப் எந்த விளிம்பில், எந்த உயரத்தில் இறங்குகிறது என்று அதிலேயே தெரியும். பழையதைக் கழற்றும்போது பிக் போகக்கூடாத இடம் அதுதான்.

மார்ச் 8, சனி

ஐபேட் தானாக அணையும் வரை பேட்டரியைத் தீர்த்தாயிற்று. பேட்டரி இணைப்புக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் செருகி மின்சாரத்தைத் துண்டிப்பதும் உண்டு. அதில் போர்டில், அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில் உள்ள முள்கள் வளைந்துவிடும் ஆபத்து இருக்கிறது. தீர்த்துவிடுவதே மேல். சார்ஜ் இருக்கும்போது எல்சிடி ஸ்ட்ரிப்பைக் கழற்றி மாட்டினால் பேக்லைட் ஃபியூஸ் போகக்கூடும். போனால், படம் இருக்கும், வெளிச்சம் இருக்காது.

உடைந்த கிளாஸ் மேல் அகலமான பேக்கிங் டேப்பை இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். ஹேர் டிரையரால் ஒரு விளிம்பை இரண்டு மூன்று நிமிடம் சூடாக்கவும். கை வைத்தால் சுரீரென்று எடுத்துவிடும் சூடு போதும். பிறகு கிளாஸுக்கு அடியில் பிக்கைச் செருகிப் பிரிக்க வேண்டும், நுனியை ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் விடக்கூடாது. ஆழமாகப் போனால் பசையை எல்சிடி மேல் இழுத்துவிடும். முன் கேமரா அருகே நுனி மட்டும். ஹோம் பட்டனின் இருபுறமும் ஆன்டெனா இருப்பதால் கீழ் விளிம்பில் மறுபடி சூடாக்கிப் பொறுமையாக. பிரிந்த இடத்தில் ஒரு பிக்கை அப்படியே விட்டு வைத்தால்தான் பசை திரும்ப ஒட்டாது.

எல்சிடியின் நான்கு மூலை ஸ்க்ரூக்களும் டேப்புக்கு அடியில் இருக்கின்றன. எந்த ஸ்க்ரூ எந்த மூலை என்று தாளில் குறித்து அங்கேயே ஒட்டிவைக்கவும். கேமரா பக்கத்தைத் தூக்கி, ஹோம் பட்டன் பக்கமாகப் புத்தகம் போலத் திருப்ப வேண்டும். பேட்டரி ஸ்க்ரூ, சின்ன உலோகத் தகடு, பிறகு ஸ்ட்ரிப்புகள்: இந்த வரிசை மாறக்கூடாது.

மார்ச் 9, ஞாயிறு

இன்று முழுக்க ஃபிரேம், அதாவது கிளாஸ் உட்காரும் அலுமினிய விளிம்பு. புதிய கிளாஸ் ஒரு வாரத்தில் தானாக வெடித்தது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த வேலையைத் தாண்டிப் போனவர்கள்தான்.

பழைய டேப்பை நெம்பியால் சுரண்டி, ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் அலுமினியம் வெள்ளையாகத் தெரிய வேண்டும். விரலை ஓட்டிப் பார்த்தால் போதாது. டார்ச்சைப் படுக்க வைத்து அடித்தால் கடுகில் கால்வாசி இருக்கும் கண்ணாடித் துகள் மினுங்கும். அதில் ஒன்று அடியில் தங்கினாலும் கிளாஸ் அந்த இடத்தில் அழுத்தம் வாங்கிக் கீறிக்கொள்ளும்.

அடுத்தது அடிபட்ட மூலை. உலோகம் உள்ளே மடிந்திருக்கிறது. உட்புறம் மரக்கட்டை முட்டுக்கொடுத்து மெதுவாக வெளியே தள்ளி, மிச்சத்தை அரத்தால் தேய்த்தாயிற்று. தேய்க்கும்போது உள்பகுதியை மூடிவிடுங்கள், அலுமினியப் பொடி போர்டில் விழுந்தால் ஷார்ட். சோதனை எளிது: டேப் உறையைப் பிரிக்காமல் கிளாஸை வைக்க வேண்டும். அழுத்தாமலேயே நான்கு மூலையும் உட்கார வேண்டும். முதல் முறை ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. மறுபடி அரம். மூன்றாவது முறை உட்கார்ந்தது.

ஹோம் பட்டனைப் பழைய கிளாஸிலிருந்து எடுக்கும்போது அவசரமே கூடாது. டச் ஐடி இந்த போர்டோடு ஜோடி சேர்ந்தது. வேறு பட்டன் போட்டால் அமுக்கலாம், கைரேகை வேலை செய்யாது. பின்னால் உள்ள தகட்டைச் சூடாக்கி நெம்பி, பட்டனைச் சுற்றிய மெல்லிய ரப்பர் சவ்வைக் கிழிக்காமல் உரிக்க வேண்டும். புதிய கிளாஸில் தகடு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் பட்டன் 'டிக்' என்று சொல்லாது. பி-7000 இரண்டு சொட்டு போதும்.

மார்ச் 10, திங்கள்

ஒட்டுவதற்கு முன் சோதனை. ஸ்ட்ரிப்புகளை மாட்டி, சார்ஜர் போட்டு ஆன் செய்யவும். ஓர் ஐகானைப் பிடித்துத் திரை முழுக்க, உழுகிற மாதிரி வரிவரியாக இழுத்தால், டச் செத்த இடத்தில் ஐகான் நழுவி விழும்.

கீழ்ப்பகுதியில் தொடாமலே டச் ஆகிறது. முதலில் சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும், தரமில்லாத சார்ஜரும் இப்படிச் செய்யும். பிடுங்கியும் நிற்கவில்லை. ஸ்ட்ரிப் மடியும் இடம் உலோக விளிம்பில் உரசுகிறது. ஆஃப் செய்து, மடிப்பில் கேப்டன் டேப் ஒரு சுற்று. நின்றுவிட்டது.

மூடுவதற்கு முன் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். கிளாஸுக்கும் எல்சிடிக்கும் நடுவே காற்று இடைவெளி இருப்பதால் ஒரு நூல் விழுந்தாலும் தெரியும். கிளாஸின் உள்பக்க உறையைக் கடைசி நொடியில் உரித்து, ஊதி, சாய்த்துப் பார்த்து, பிறகுதான் மூடல். விளிம்புகளில் மட்டும் அழுத்தி, மேலே தட்டையாக இரண்டு புத்தகம். நடுவில் பாரம் ஏற்றினால் எல்சிடியில் வெள்ளைத் தடம் விழும்.

மார்ச் 12, புதன்

இரண்டு நாள் கழித்து: நான்கு மூலையும் சமம், நகம் எங்கும் மாட்டவில்லை, கைரேகை வேலை செய்கிறது. சரிசெய்த மூலையில் மட்டும் டேப் கொஞ்சம் பிடி கொடுக்கவில்லை. பல்குத்தும் குச்சி நுனியில் பி-7000 தொட்டு விட்டு, துணி காயப்போடும் கிளிப் ஒன்றை அடியில் துணி மடித்து மாட்டியிருக்கிறது. நாளைக் காலை எடுக்க வேண்டும்.