கற்பூரக் கரியில் தெரிந்த தாமரை

வழுவழுப்பாகிப் போன ஆற்காடு ரூபாயில் (பழைய வெள்ளிக் காசு) தாமரை முத்திரை தெரிந்தேவிட்டது! எடை 11.21 கிராம். லென்ஸுக்கும் டார்ச்சுக்கும் பிடிகொடுக்காத காசு, கற்பூரக் கரிக்குப் பிடிகொடுத்தது.

தேய்ந்த வெள்ளியில் பளபளப்புதான் எதிரி. சௌகார்பேட்டையில் எடைக்கு வாங்கும் காசு பலவும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளை பிரஷ் வாங்கிய பிறகே கைக்கு வருகிறது. (அழுக்கோடு கொடுத்தால் கூடுதல் விலை தரலாம், கேட்டால்தானே!) மொத்தமும் மின்னும்போது மிச்ச மேடுபள்ளத்துக்கு நிழல் விழாது. ஒரு வில்லை கற்பூரம் கொளுத்தி, சுடர் நுனிக்கு நான்கு விரல் மேலே, காசை இடுக்கியில் பிடித்து நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மின்விசிறி ஓடக் கூடாது. மூன்று நான்கு வினாடி வீதம் இரண்டு தடவை, சாம்பல் நிறம் வந்தால் நிறுத்திவிடலாம். மை மாதிரி அப்பினால் எழுத்தின் ஓரம் மூடிப்போகும். பிறகு இருட்டில் டார்ச்சை மேசையோடு படுக்கவைத்து, காசை மட்டும் சுற்ற வேண்டும். ஒரு முழுச் சுற்றில் இரண்டே கோணத்தில்தான் கோடு எழும்பியது: முதலில் மொட்டு, அப்புறம் பாரசீக எண் 6. உடனே போட்டோ. கரியை சோப்புத் தண்ணீரில் அமிழ்த்தித்தான் எடுக்க வேண்டும், உலர்ந்த துணி பட்டால் கீறல்.

தாமரை என்றால் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட அச்சு, பிறை என்றால் புதுச்சேரி பிரெஞ்சு அச்சு. ஹிஜ்ரி 1172 என்று இருப்பதால் அட்டையில் 1758-59 என்று எழுதிவிடாதீர்கள். காசில் பெயர் வரும் முகலாய மன்னர் இரண்டாம் ஆலம்கீர் 1759-ல் கொல்லப்பட்ட பிறகும், 19-ம் நூற்றாண்டிலும், கம்பெனி அதே ஆண்டையே அச்சிட்டது. இந்தக் காசின் விளிம்பில் ஓரிடத்தில் வரிவரியான கோடு மிஞ்சியிருக்கிறது. இயந்திர அச்சு, ஆகவே பிந்தியது.

பிரிட்டிஷ் ராஜா தலை போட்ட ரூபாய்களில் தலை அழிந்துவிட்டால், எத்தனை சதவீத வெள்ளி என்று பார்க்கத் தண்ணீர் எடைதான் வழி. தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து, எடையைப் பூஜ்ஜியமாக்கி, காசை நூலில் கட்டி அடியில் படாமல் முக்க வேண்டும். காற்றில் உள்ள எடையை, அப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் 91.7% வெள்ளிக்கு 10.3 அளவிலும், 1940-களின் 50% வெள்ளிக்கு 9.5 அளவிலும் வரும். குமிழி ஒட்டினால் கணக்கே கெடும். ஒரு சொட்டு பாத்திர சோப்பு விடுங்கள்.

கால் ரூபாயில்தான் இது கைவிடுகிறது. 2.61 கிராம் காசுக்கு இரண்டு வெள்ளிக்கும் இடையே வித்தியாசம் 0.02 கிராம்தான், 0.01 தராசு அதில் தடுமாறும். 0.001 தராசு வந்ததும் டப்பாவில் கிடக்கும் ஒன்பது கால் ரூபாயையும் முக்கிப் பார்க்கணும்.