அப்பாவின் இடது காது

போன வருஷம் எங்கள் வீட்டு டிவியின் சத்தம் 18-இல் இருந்தது. இப்போது 42. அப்பாவைக் கேட்டால் டிவி பழசாகிவிட்டது என்பார். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். அந்தக் காலத்து பஸ்ஸில் எஞ்சின் டிரைவருக்கு இடப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் கிடந்து உறுமும். அவருக்கு இடது காதுதான் மோசம். காது டாக்டர் என்று பேச்செடுத்தாலே எழுந்துபோய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிடுவார்.

சரி, அவருக்குத் தெரியாமல் விசாரித்து வைப்போம் என்று ஒரு ராத்திரி லேப்டாப்பில் உட்கார்ந்தேன். காது மெஷினில் காதுக்குப் பின்னால் மாட்டுவது, காதுக்குள்ளேயே போய்விடுவது, சார்ஜ் போடுவது, பேட்டரி மாற்றுவது என்று பத்துப் பதினைந்து பக்கம் பார்த்திருப்பேன். கடைசியில் இலவசப் பரிசோதனை என்று போட்டிருந்த ஓரிடத்தில் படிவத்தையும் நிரப்பினேன். பெயர், வயது, ஊர். பரிசோதனைக்கு வருபவரின் போன் நம்பர் என்று கேட்டிருந்தது. அப்பாவின் நம்பரைப் போட்டேன். அதுக்கு அப்புறம் வருகிறேன்.

அப்பா காலையில் பல் தேய்த்த கையோடு போனில் பஞ்சாங்கம் பார்ப்பார். ராகுகாலம், எமகண்டம், திதி. இலவச ஆப், அதனால் அடியில் எப்போதும் ஒரு விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் அந்த இடத்தில் நரைத்த தலைப் பெரியவர் ஒருவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு நின்றார். 'காது மந்தமா?' என்று கொட்டை எழுத்து.

"ஏம்மா, நான் செவிடுன்னு யார்கிட்ட சொன்னே?"

நான் திருதிருவென்று விழித்தேன். அம்மாதான் காப்பாற்றினாள். "போன்தாங்க ஒட்டுக் கேக்குது. நாம பேசுறதெல்லாம் அதுக்குக் கேக்குமாம்."

"ஆமா, எனக்கே கேக்காதது அதுக்குக் கேக்குதாக்கும்" என்றார் அப்பா. என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

அம்மா மட்டுமில்லை, என் ஆபீஸில் பாதிப் பேர் இதை நம்புகிறார்கள். அமெரிக்காவில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களை ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பும் ஆப் ஒன்றும் அவர்களிடம் சிக்கவில்லை. திரையில் நாம் செய்வதைப் படமெடுத்து வெளியே அனுப்பியவை சில சிக்கின. என்னைக் கேட்டால், ஒட்டுக் கேட்க வேண்டிய சிரமமே விளம்பரக்காரர்களுக்கு இல்லை.

ஏனென்றால் அப்பாவின் கையில் இருப்பது என் பழைய போன். புதுசு வாங்கியபோது சிம்மை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். உள்ளே இருக்கும் மெயில் கணக்கு இன்னும் என்னுடையதுதான், லேப்டாப்பில் இருப்பதும் அதே கணக்கு. அந்தக் கணக்கின் விளம்பரப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான் யார் என்று அவர்கள் ஊகித்து வைத்திருந்த ஆள், ஜிஎஸ்டி மென்பொருளிலும் காட்டன் புடவையிலும் கனரக வாகனத்திலும் கோயில் கும்பாபிஷேகத்திலும் ஆர்வமுள்ள ஒரு பெண்மணி. நானும் அப்பாவும் சேர்ந்த கலவை. போதாததற்கு வீட்டில் எல்லாருக்கும் ஒரே வைஃபை வேறு. இணையத்தின் பார்வையில் எங்கள் வீட்டுக்கு ஒரே வாசல்.

இதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது? சின்ன வயசில் தாத்தாவோடு மாட்டுச் சந்தைக்குப் போனவர் அவர். சந்தையில் தரகர்கள் கையின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது. "நீங்க பஞ்சாங்கத்தைத் திறக்கிறப்போ துண்டுக்குள்ள அப்படி ஒரு பேரம் நடக்குதுப்பா. இந்த ஊர்க்காரர், இந்த மாடல் போன், ரெண்டு நாள் முன்னாடி காது மெஷின் தேடியிருக்கார்னு குறிப்பு போகும். அதைப் பார்த்து யார் அதிகம் கேக்கிறாங்களோ அவங்க விளம்பரம் வரும். கண் சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சிடும்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அதுல நான் யாரு? மாடா?"

நான் பதில் சொல்லவில்லை. காது மெஷினை யாரோ தேடியிருக்கிறார்கள் என்று இந்த விளக்கத்திலேயே நான் உளறியிருந்ததை நல்லவேளை அவர் கவனிக்கவில்லை.

இனி அந்த நம்பர். ஒரு வாரத்தில் போன் வர ஆரம்பித்தது. அப்பா எடுத்து, "யாரு? கேக்கலை, சத்தமாப் பேசுங்க" என்பார். காது மெஷின் விற்பவருக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்! கூப்பிடுவதோடும் நம்பரின் வேலை முடிவதில்லை. அங்கேயும் அதே ஆட்களுக்கு விளம்பரம் காட்ட, கடைக்காரர் தன்னிடமுள்ள நம்பர்களையெல்லாம் சமூக வலைத்தள நிறுவனத்திடம் ஏற்றலாம். நம்பரை அப்படியே அனுப்ப மாட்டார்கள், ஒரு கணக்குப் போட்டு, பார்த்தால் புரியாத எழுத்துக் கோவையாக மாற்றுவார்கள். அந்தப் பக்கமும் தன் உறுப்பினர்களின் நம்பர்களுக்கு அதே கணக்கைப் போட்டு ஒத்துப் பார்க்கும். நம்பர் வெளியே தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆள் மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

சூப்பர் மார்க்கெட்டில் கால் கிலோ உளுந்துக்கு பில் போடும்போதும் நம்பர் கேட்கிறார்கள். வாடிக்கையாளரை நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியது. பின்னால் வரிசை நின்றால் எனக்கும் அது மறந்துபோய் வாய் தானாக நம்பரை ஒப்பிக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது. வழக்குப் போட்ட புட்டசாமி ஓய்வுபெற்ற நீதிபதி, போடும்போதே 80 வயதைத் தாண்டியிருந்தார். அப்பாவிடம் சொன்னேன், அந்த வயசு விவரம் மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அதிலும் பெரும்பாலான கடமைகளுக்கு நிறுவனங்களுக்கு 18 மாதம் அவகாசம். சட்டம் நடந்து வரட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என் கணக்கை அந்தப் போனிலிருந்து எடுத்தேன். அப்பா பெயரில் புதுக் கணக்கு போட்டேன். அமைப்புகளில் விளம்பரங்கள் என்ற இடத்துக்குப் போய் விளம்பரக்காரர்கள் போனை அடையாளம் வைத்துக்கொள்ளும் விளம்பர ஐடியை நீக்கினேன். பஞ்சாங்க ஆப்புக்கு எதற்கோ என் பழைய போன் எப்போதோ கொடுத்திருந்த இருப்பிட அனுமதியையும் பிடுங்கினேன். அரை மணி நேர வேலை. விளம்பரம் நிற்காது, ஆளைத் தெரியாமல் குத்துமதிப்பாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் காலை அப்பா பஞ்சாங்கத்தைத் திறந்தார். கூந்தல் இடுப்பு வரை வளர ஒரு எண்ணெய். வழுக்கையைத் தடவிக்கொண்டு வெகு நேரம் அதையே பார்த்தார்.

"இப்ப என்ன சொல்லி வச்சே?" என்றார்.

இல்லைப்பா என்றேன். கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னேன்.