கடலூரில் நாய்க்கடி: தையல் வேண்டாம், சீரம் கேளுங்கள்

தேவனாம்பட்டினம் போகும் வழியில் என் மாமியாரை நாய் எப்படிக் கடித்தது என்ற கதையை விட்டுவிடுகிறேன். தெருநாய், இடது கெண்டைக்காலில் நான்கு பல் தடம், ரத்தம். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

நான் வருவதற்குள் பக்கத்து வீட்டு அக்கா காயத்தில் காப்பித்தூளை வைத்து அழுத்தியிருந்தார். மேலே மஞ்சள். இன்னொருவர் மிளகாய்த்தூள் டப்பாவோடு நின்றார். எல்லோரும் நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனால் அத்தனையும் கழுவித் தள்ள வேண்டியவை. அத்தையைக் குழாயடியில் உட்கார வைத்து, சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவினேன். "போதும் விடும்மா, கால் மரத்துப் போகிறது" என்பார்கள். விடாதீர்கள். வெறிநோய்க் கிருமியின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்துவிடும். அந்தக் கிருமி நரம்பு வழியே மூளைக்கு ஏறி நோய்க்குறி தெரிந்துவிட்டால் பிறகு எந்த வைத்தியமும் பலிப்பதில்லை.

பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரு கிளினிக்குக்குப் போனோம். காயத்தைப் பார்த்தவுடனே அங்கிருந்தவர், "இரண்டு தையல் போட்டால் சீக்கிரம் ஆறிவிடும்" என்று ஊசிநூலை எடுத்தார். நாய்க்கடியை உடனே தைக்கக் கூடாது, கிருமி இன்னும் உள்ளே போகும் என்றேன். "எல்லாம் தெரிந்தவர் இங்கே ஏன் வந்தீர்கள்?" என்றார். டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசிக்கும் இறுக்கமான கட்டுக்கும் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பினார். வெறிநாய்த் தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அரசு மருத்துவமனைக்குப் போனபோது மாலையாகிவிட்டது. சீட்டுக் கவுண்டரில் இருந்தவர் தலை நிமிராமலே, "ஓ.பி. முடிந்துவிட்டது. காலையில் ஆதாரோடு வாருங்கள்" என்றார். திரும்பி நடந்த எங்களைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாதான் நிறுத்தினார். "நாய்க்கடிக்கு எதற்கம்மா ஓ.பி.? அவசரப் பிரிவுக்குப் போங்கள், ராத்திரியும் பார்ப்பார்கள்." அவர் சொன்னது அப்படியே நடந்தது. ஆதாரை யாரும் கேட்கவில்லை.

முதல் தவணைத் தடுப்பூசி போட்டு, "சரி, கிளம்பலாம்" என்றார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. அது உடம்பில் வேலை செய்ய ஒரு வாரமாவது ஆகும். அதுவரை காவலுக்கு இம்யூனோகுளோபுலின் என்ற சீரத்தைக் காயத்துக்குள்ளேயே போட வேண்டும். "சீரம் இல்லையா சார்?" என்று நான் கேட்ட பிறகுதான் பணி மருத்துவர் கட்டைப் பிரித்துக் காயத்தைச் சரியாகப் பார்த்தார். "மூன்றாம் வகை, அதாவது ரத்தம் வந்த கடி. போட்டே ஆக வேண்டும்" என்றார்.

குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் உடல் எடையில் கிலோவுக்கு 40 யூனிட் கணக்கு. எடை எவ்வளவு என்று நர்ஸ் கேட்டதும் அத்தை கூசாமல் "ஐம்பது" என்றார். எனக்குச் சந்தேகம். எடை மேடையில் ஏற்றினால் முள் 68-இல் நின்றது. எடையைக் குறைத்துச் சொன்னால் மருந்தும் குறையும், வீட்டுப் பெரியவர்களிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள். ஒவ்வொரு பல் தடத்திலும் தனித்தனியாக ஊசி இறங்கியது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் இரண்டு உடைந்தன.

தடுப்பூசித் தவணை நாட்கள் 0, 3, 7, 28. முதல் ஊசி போடும் நாள்தான் 0. இரு கைகளிலும் 0.1 மில்லி, தோலின் மேலடுக்கில். பயறு அளவு கொப்புளம் எழும்பினால் சரியாக இறங்கியிருக்கிறது. தொப்புளைச் சுற்றிப் போடும் காலம் எப்போதோ போய்விட்டது.

மூன்றாம் நாள் ஊசி சிக்கலின்றி முடிந்தது. ஏழாம் நாள், வீட்டருகே இருந்த சிறிய நிலையத்துக்குப் போனோம். "ஒருவருக்காகக் குப்பியைத் திறந்தால் மீதி வீணாகும். நாலு பேர் சேரட்டும், நாளைக்கு வாருங்கள்" என்றார்கள். திறந்த குப்பியைச் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது உண்மைதான். அதற்காக நாளைத் தள்ளுவதா? "இன்று போட மறுத்தோம் என்று இந்தத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள்" என்று நீட்டினேன். குப்பி திறந்தது.

பத்தியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மீன் கூடாது, கோழி கூடாது என்று தெருவே தடை போட்டிருந்தது. கடலூரில் ஒரு மாதம் மீனில்லாமல் எப்படி இருப்பது? மருத்துவரிடம் கேட்டோம், எந்தத் தடையும் இல்லை என்றார். அன்று மதியமே சங்கரா மீன் குழம்பு.

28-ஆம் நாள் ஊசியும் முடிந்தது. அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன், கைப்பேசியில் படமும் உண்டு. மறுபடி கடிபட்டால் 0, 3 என இரண்டு தவணை போதும், சீரமும் தேவைப்படாது. ஆனால் முன்பு முழுதாகப் போட்டதற்கு அட்டையைக் காட்ட வேண்டும்.