செஃபலூவில் ஒரு கீரிமலை

எங்கள் புவியியல் ரீச்சரின் கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன மருந்துப் போத்தல் இருக்கும். ஆய்வுகூடத்திலிருந்து வாங்கிய ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம். 1982இல் யாழ்ப்பாணத்தில் எங்கள் வகுப்பை நிலாவரைக் கிணற்றுக்கும் கீரிமலைக் கேணிக்கும் கூட்டிப்போனபோது, வழியில் கிடந்த ஒரு கல்லில் அதிலிருந்து இரண்டு துளி விட்டார். கல் சீறி நுரைத்தது. நாங்கள் பயந்து பின்னுக்குப் போனோம்.

"இது சுண்ணாம்புக்கல். கடலுக்குள்ளை செத்த சிப்பியும் சங்கும் சேர்ந்து கல்லானது. எங்கட குடாநாட்டிலை வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை. பெய்யிற மழை இந்தக் கல்லுக்குள்ளை இறங்கி நடந்துதான் எங்களிட்டை வருது. எந்த ஊருக்குப் போனாலும் கோயில் குளம் பார்க்கிறதுக்கு முன்னம், அந்த ஊருக்குத் தண்ணி எங்கையிருந்து வருது எண்டு பாருங்கோ பிள்ளையள்."

நிலாவரையில் மேலே நல்ல தண்ணீரும் அடியில் உப்புத் தண்ணீரும் ஒன்றின்மேல் ஒன்று நிற்பதை அன்று கொப்பியில் படமாகக் கீறினோம். கீரிமலையில் கேணிச் சுவருக்கு அங்காலே உப்புக்கடல், இங்காலே நன்னீர் ஊற்று. அந்தச் சுவரில் ஏறி நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

எங்கள் கல்லூரிப் பழைய மாணவியரின் இவ்வாண்டு மலருக்குப் "பலெர்மோவிலிருந்து ஏதாவது எழுதித் தாடி" என்று சூரிச்சில் இருக்கும் வகுப்புத் தோழி கேட்டபோது, கல்லூரி நாட்களைத்தான் எழுத நினைத்தேன். ஆனால் அந்தச் சுவர் நினைவுக்கு வந்தவுடன் எழுத்து செஃபலூவுக்குப் போய்விட்டது.

செஃபலூ, இத்தாலியின் சிசிலித் தீவின் வடகரையில் இருக்கும் சிறிய ஊர். நான் வாழும் பலெர்மோ நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர். ரயிலில் ஒரு மணித்தியாலம். நான் பன்னிரண்டு வருடங்கள் பராமரித்த, 'சின்யோரா' (அம்மா) என்று அழைத்த மூதாட்டி அங்கே பிறந்தவர். யூலை பிறந்தால் பலெர்மோ வெக்கையை விட்டு அவரது பழைய வீட்டுக்குப் போய்விடுவோம். மத்தியானம் அவர் உறங்கும் இரண்டு மணித்தியாலமும் விடியப்புறமும் எனக்குச் சொந்தம். அந்த நேரங்களில்தான் அந்த ஊரை நடந்து நடந்து படித்தேன்.

முதலில் எனக்குத் தெரிந்தது தண்ணீரின் சத்தம். விட்டோரியோ இமானுவேலே தெருவில் வீடுகளுக்கு நடுவே வளைந்த கற்படிகள் கீழே இறங்குகின்றன. இறங்கினால் பழங்காலத்துத் தோய்க்கும் தொட்டிகள். சுவரில் 22 இரும்பு வாய்கள், அவற்றில் 15 சிங்கத் தலைகள். ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் கல் தொட்டிகளில் விழுந்து நிறைந்து, ஒரு துவாரத்தால் நேரே கடலுக்குப் போய்ச் சேர்கிறது. தொட்டிகளின் ஓரங்கள் உடுப்பை வைத்து உரசுவதற்கு வாகாகச் சரித்துக் கட்டியவை. எத்தனையோ தலைமுறைப் பெண்களின் கை பட்டு அந்த ஓரங்கள் வழுவழுத்துக் கிடக்கின்றன. நான் குனிந்து தடவிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கிணற்றடிக் கல்லும் இப்படித்தான் இருந்தது.

வாசலில் ஒரு கல்வெட்டு. சின்யோராவிடம் கேட்டுப் பொருள் எழுதி வைத்தேன்: இங்கே ஓடுகிறது செஃபலீனோ, எந்த ஆற்றையும்விட நலம் தருவது, வெள்ளியினும் தூயது, பனியினும் குளிர்ந்தது. தன் காதலனைத் தண்டித்துவிட்டுப் பின்பு மனம் வருந்திய ஒரு நீர்மகளின் கண்ணீர்தான் இந்த ஆறு என்று ஊரில் கதை உண்டு. கிராத்தேரிப் பக்கத்து மலைகளிலிருந்து நிலத்துக்கடியால் வருகிறது என்றும் சொல்வார்கள். இரண்டாவது கதையில் எங்கள் ரீச்சரின் குரல் கேட்டது.

இறங்கும் படிகளையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். கல்லுக்குள் கல்லாகிப்போன சின்னச் சின்ன ஓடுகள் தெரியும். அந்தக் கல்லை இங்கே லூமக்கெல்லா என்பார்கள். லூமாக்கா என்றால் நத்தை. கையில் அமிலப் போத்தல் இல்லை. பலெர்மோவுக்குத் திரும்பியபின், கடற்கரையில் பொறுக்கிய ஒரு கல்லில் சமையலறை வினாகிரியை ஊற்றினேன். மெதுவாகத்தான், ஆனாலும் நுரைத்தது.

ஊரின் முதுகில் நிற்கிறது லா ரொக்கா என்னும் பாறை, 270 மீற்றர் உயரம். கிரேக்கர் இந்த ஊருக்கு வைத்த பெயரே 'தலை' என்ற சொல்லிலிருந்து வந்தது. கடலிலிருந்து பார்த்தால் ஏனென்று விளங்கும். விடியற்காலையில் ஏறுவேன். வழியெல்லாம் காட்டுச் சோம்பு மணக்கும், மதில் இடுக்குகளில் கேப்பர்ச் செடி பூத்திருக்கும், நம் கள்ளிபோல் பால் வடியும் ஒரு செடி புதராகப் படர்ந்திருக்கும். எங்கும் நாகதாளி. இத்தாலியர் அதற்கு 'இந்திய அத்தி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அது அமெரிக்காவிலிருந்து வந்த செடி. எங்கிருந்தோ வந்து, வேறெங்கோ இருந்து வந்ததாகப் பெயர் எடுத்து, இந்த மண்ணையே தன் மண்ணாக்கிக் கொண்டுவிட்டது. அதன் பழத்தை முள் நீக்கிக் குளிர வைத்துச் சாப்பிட சின்யோராதான் பழக்கினார்.

பாதி வழியில், ரோமப் பெண்தெய்வமான தியானாவின் கோயில் என்று அழைக்கப்படும் கட்டடம் வரும். சாந்து இல்லாமல் பெருங்கற்களை ஒன்றோடொன்று பொருத்திக் கட்டியது. வருகிறவர்கள் வாசலில் நின்று படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆனால் அதற்குள் இருக்கும் கேணி அந்தச் சுவர்களைவிடவும் பழையது. கிறிஸ்துவுக்கு முன் 9ஆம் நூற்றாண்டளவினது என்கிறார்கள். மேலே பலகைக் கற்களால் மூடிய கேணி. தண்ணீரை வணங்கிய இடம் இது. பிற்காலத்தில் கிழக்கு ரோமப் பேரரசினரான பைசாந்தியர் இதன்மேலேயே ஒரு தேவாலயமும் கட்டினார்கள்.

கீழே இவ்வளவு தண்ணீர் பாய, மேலே ஏன் கேணி? சுண்ணாம்புக்கல் மழையைத் தன்மேல் நிற்க விடாது. குடித்துவிட்டு அடிவாரத்தில்தான் திருப்பித் தரும். ஆகவே மேலே வாழ வேண்டுமானால் மழையைப் பிடித்து வைக்கவேண்டும். பைசாந்தியர் காலத்தில் கடல்வழி ஆபத்துக்குப் பயந்து ஊரே இந்தப் பாறைக்கு ஏறியிருக்கிறது. மதில்களும் வேறு கேணிகளும் இன்னும் கிடக்கின்றன. 858இல் அரபுகள் ஊரைப் பிடித்தார்கள், 1063இல் வட பிரான்சிலிருந்து வந்த நோர்மானியர். 1131இல் நோர்மானிய மன்னன் இரண்டாம் ரொஜர் கீழே பேராலயத்துக்கு அடித்தளம் இட்டபின்தான் ஊர் மறுபடியும் கடலோரத்தில், அந்த ஊற்றின் பக்கத்தில் தழைத்தது. எத்தனை தலைமுறை அந்தப் பாறை மேல் இருந்துகொண்டு, கீழே பாயும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மழைத் தண்ணீர் குடித்திருக்கும்! 1990இல் போரால் எங்கள் கிணற்றை விட்டு வெளிக்கிட்டு, மற்றவர்களின் கிணற்றடியில் வாளியோடு வரிசையில் நின்றவள் நான். அந்த மதிலில் இருந்து நெடுநேரம் கீழே பார்த்தேன்.

பேராலயத்தைப் பற்றிப் படங்களோடு எவ்வளவோ எழுதப்பட்டிருக்கின்றன. பலெர்மோ, மொன்ரியாலே கட்டடங்களோடு சேர்த்து 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியதும் தெரிந்ததே. கருவறை வளைவில் பொன் பின்னணியில் இயேசுவின் பெரிய உருவம், 1148இல் முடிந்த வண்ணக்கல் பதிப்பு. கையில் விரித்த வேதப் புத்தகத்தின் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் இலத்தீன், இரண்டிலும் ஒரே வசனம், "நானே உலகின் ஒளி." கூரையின் மரத்தில் இஸ்லாமியக் கலைமரபு ஓவியங்கள். ஒரே கூரையின் கீழ் மூன்று மரபுகள் வேலை செய்திருக்கின்றன. இரண்டு மொழிகளையும் சரிசமமாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய அந்தப் புத்தகத்தின் முன்னால் எங்கள் நாட்டிலிருந்து போன ஒருத்தி என்ன நினைப்பாள் என்பதை இம்மலர் படிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மன்ட்ரலிஸ்கா அரும்பொருளகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்தொனெல்லோ த மெசீனா 15ஆம் நூற்றாண்டில் வரைந்த, 'அறியப்படாத மாலுமி' என்று பேர்பெற்ற சிறிய ஓவியத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள். அந்தச் சிரிப்பு உண்மையிலேயே ஆளை விடாது. என்னை அதற்கும் மேலாக நிறுத்தியது அடுத்த கூடத்துச் சிப்பிகள். வீட்டுக்காரரான மன்ட்ரலிஸ்காப் பிரபு, 1864இல் காலமானவர், நத்தை, சிப்பி இனங்களை ஆராய்ந்தவர், ஆயிரக்கணக்கில் சேர்த்திருக்கிறார். தன் சொத்தை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை நடத்த எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்த அலுமாரிகளின் முன்னால் எங்கள் ரீச்சரைக் கொண்டுவந்து நிறுத்த முடிந்திருந்தால்! அவர் காலமான செய்தி எனக்கு ஆறு மாதம் பிந்தித்தான் கிடைத்தது.

தண்ணீரின் பிறப்பிடத்தைப் பார்க்க மதோனியே மலைகளுக்கும் போனேன். சின்யோராவின் பெறாமகன் காரில் கொண்டுபோனார். 1979 மீற்றர் உயரமான பிட்ஸோ கார்பொனாரா, சிசிலியில் எத்னா எரிமலைக்கு அடுத்த உயரம். சுண்ணாம்புப் பாறையில் மழை குடைந்த குழிகள் மலை முழுக்க. குளிர்காலப் பனி உருகி அவற்றுக்குள்தான் இறங்குகிறது. இந்த மலைகளில் மட்டுமே உள்ள நெப்ரோதித் தேவதாரு, காட்டில் முப்பதளவு வளர்ந்த மரங்கள்தான் மிச்சம். அழிந்துவிட்டதென்றே நினைத்திருந்தவர்கள் 1957இல் மறுபடியும் கண்டுபிடித்தார்கள்.

கஸ்தெல்புவோனோ, பொல்லீனா ஊர்களில் மன்னா எடுக்கும் தொழில் இன்னும் இருக்கிறது. கோடையில் ஃபிராஸ்ஸினோ என்னும் ஒருவகை மரத்தின் பட்டையை நாளும் குறுக்காகக் கீறுகிறார்கள். வடியும் பால் வெயிலில் வெள்ளையாய் உறைந்து இனிக்கிறது. ஒரு மழை வந்தால் எல்லாம் கரைந்துவிடுமாம். கத்தியோடு மரத்தருகே நின்ற முதியவரின் மணிக்கட்டு அசைந்த விதத்தில் எங்கள் ஊரில் பனை ஏறிக் கள் இறக்கும் சீவல்காரரைக் கண்டேன். ஒரு துண்டு தந்தார். பனங்கட்டியைவிட இனிப்புக் குறைவு, ஆனால் நாக்கில் குளிர்ந்தது.

பலெர்மோவில் இருக்கும் எம்மவர்களுக்கு இன்னொன்று நினைவூட்ட விரும்புகிறேன். ஞாயிறுகளில் சைவர், கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் நாங்கள் நடந்து ஏறும் மொன்தே பெல்லெக்ரீனோ மலையும் சுண்ணாம்புக்கல்தான். அங்குள்ள, புனிதை சாந்தா ரொசாலியாவின் குகையில் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தகரப் பீலிகள் ஏந்திச் செல்வதை அடுத்தமுறை அண்ணாந்து பாருங்கோ.

கடைசியாக நாங்கள் செஃபலூ போனது, சின்யோராவுக்கு எண்பத்தாறு வயதான கோடையில். சிறுமியாகத் தாயோடு கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய படிகளில் இறங்க அவரால் முடியவில்லை. படியின் மேல் அவரை நாற்காலியில் இருத்திவிட்டு, நான் இறங்கி ஒரு சிங்கத்தின் வாயில் போத்தலைப் பிடித்தேன். மேலே வந்து அவர் நீட்டிய இரண்டு கையிலும் ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு விரல்களைத் தேய்த்தார், சவர்க்காரம் போடுகிறவர்போல.

"லா ஸ்தெஸ்ஸா" என்றார். அதே தண்ணி.

பிறகு மறுபடியும் கையை நீட்டினார். நான் வெறும் போத்தலோடு திரும்பவும் இறங்கினேன்.