தோண்டிய மண் கணக்கில் வராது: லீட் தேர்வுக்கு ஒரு தளப் பொறியாளர் படித்த விதம்

சென்னையில் அலுவலகக் கட்டடங்கள் கட்டும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் 11 ஆண்டுகளாகத் தளப் பொறியாளராக இருக்கிறேன். லீட் என்பது பசுமைக் கட்டடங்களை மதிப்பிட்டுச் சான்று தரும் அமெரிக்க முறை. அதன் அடிப்படைத் தேர்வான லீட் கிரீன் அசோசியேட் தேர்வில் முதல் முறை 164 எடுத்துத் தோற்றேன். மதிப்பெண் 125 முதல் 200 வரை. 170 எடுத்தால் தேர்ச்சி. 2 மணி நேரத்தில் 100 கேள்விகள்.

தோற்றதற்குக் காரணம், கட்டுமானப் பகுதியைப் படிக்காமல் விட்டதுதான். தினமும் செய்கிற வேலைதானே என்று நினைத்துவிட்டேன். பிறகு ஒரு மாதிரித் தேர்வில், மறுபயன்பாட்டுக்கு அனுப்பிய கட்டுமானக் கழிவின் கணக்கில் அடித்தளத்துக்குத் தோண்டிய மண்ணையும் சேர்த்திருந்தேன். எங்கள் தளத்திலிருந்து லாரி லாரியாக வெளியே போவது அதுதான். ஆனால், லீட் கணக்கில் தோண்டிய மண்ணும் மரம், செடி அகற்றிய கழிவும் வரவே வராது. அனுபவம் மட்டும் போதாது என்று அன்றுதான் உறைத்தது.

இரண்டாம் முறை ஒவ்வொரு விதியையும் தளத்தில் கண்ட ஒன்றோடு சேர்த்துப் படித்தேன். குளிரூட்டும் டக்டுகளின் வாயை வேலை முடியும்வரை மூடி வைக்க வேண்டும் என்பது விதி. ஃபால்ஸ் சீலிங் ஆட்கள் ஜிப்சம் பலகை அறுத்த ஒரு நாளில், மூடாமல் விட்ட டக்டுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை வெள்ளைத் தூள். நாளை அங்கே உட்கார்ந்து வேலை செய்பவர்களின் மூச்சில் போக இருந்தது அது. அதற்குப் பிறகு அந்த விதியை நான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

குடியேறும் முன் கட்டடத்துக்குள் வெளிக்காற்றைச் செலுத்தும் விதியும் அப்படித்தான். லீட் நான்காம் பதிப்பின்படி தரைப்பரப்பின் ஒவ்வொரு சதுர அடிக்கும் 14,000 கன அடி காற்று. உள்ளே ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சென்னையின் ஐப்பசி மழையில் இது எத்தனை பாடு என்று யோசித்துப் பாருங்கள், எண் தானாக நினைவில் நிற்கும். அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான அஷ்ரேயின் தரநிலைகளில் 62.1 காற்றோட்டம், 90.1 ஆற்றல், 55 உடலுக்கு இதமான வெப்பநிலை: இவற்றை மட்டும் உருப்போடத்தான் வேண்டும்.

அதே நான்காம் பதிப்பில், கட்டுமானக் கழிவில் 50 சதவீதத்தை மூன்று வகையாகவோ, 75 சதவீதத்தை நான்கு வகையாகவோ பிரித்துக் குப்பைமேட்டுக்குப் போகாமல் திருப்பினால் கட்டடத்தின் லீட் சான்றுக்குப் புள்ளி உண்டு. முன்பு வேலை பார்த்த ஒரு தளத்தில் நாங்கள் அதைச் செய்தே முடித்தோம். ஆனால், காயலான் கடைக்குப் போன கம்பித் துண்டுகளின் எடைச்சீட்டை யாரும் எடுத்து வைக்கவில்லை, புள்ளி போய்விட்டது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இதனால், தளத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாடத்தைத் திறக்கும் முன், உங்கள் தளத்தின் பசுமைக் கட்டட ஆலோசகரிடம் கழிவு மேலாண்மைத் திட்டத்தையும் காற்றுத் தர மேலாண்மைத் திட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கத் தளத்தைச் சுற்றுங்கள். பிறகு தினம் ஒரு மணி நேரம் என ஆறு வாரம் படித்தால் போதும். நான் அப்படிப் படித்துத்தான் 183 எடுத்தேன்.